யாரும் கேட்காத ஆறு பார்சல்கள்

என் அருமை மகனே,

முறைக்காதே. நான் பிறந்ததிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இன்னாம்மா', 'வாம்மா', 'துன்னுட்டியாம்மா' என்று பதினெட்டு வருடமாக என்னை அம்மா ஆக்கி வைத்திருக்கிறாய். அப்படியானால் முறைப்படி நீ எனக்கு மகன். அடுப்படியில் நின்று நம் இருவரையும் ஒரே கரண்டியைக் காட்டி மிரட்டுகிறவள் எனக்கு மருமகள். திங்கட்கிழமை நான் வேலூருக்கு நர்சிங் படிக்கப் போகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் அம்மா, விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? அதிலும் அந்தப் பிள்ளையின் கையில் புது ஃபோன் இருக்கிறது. ஃபோனில் உலகமே இருக்கிறது என்கிறார்கள். உலகத்தில் இருக்கும் திருடர்கள் மட்டும் எங்கே போயிருப்பார்கள்? அவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள், நல்ல டவரோடு.

விளையாட்டு இவ்வளவுதான். இனி வருவது விளையாட்டில்லை. மேலே மலையில் ஆறு வீடுகளில் உன்னைத் திருடன் என்று பேசுகிறார்கள். உரக்கப் பேசவில்லை, உரக்கப் பேசினால் நீ பதில் சொல்லிவிடுவாய். பஸ்ஸில் நம் கடை வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இருபது வருடம் அந்தப் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டி நீ சம்பாதித்த பெயர் நான்கு மாதத்தில் காற்று இறங்கிக் கிடக்கிறது. எங்கே ஓட்டை என்று நீ தேடிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் வரிசையாகப் படி. இது மடித்துப் பெட்டியில் வைக்கும் கடிதமும் இல்லை. படித்து முடித்ததும் கடை வாசலில் ஒட்டு. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், படித்தாக வேண்டும்.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். வாசலில் நின்று படிக்கப் போகிற வெளியூர்க்காரருக்குத் தெரியாது, அவருக்காகச் சொல்கிறேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பஸ் மலை ஏறுவதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் இருக்கிறது நம் பஞ்சர் கடை. கூரியர்க்காரர் அதுவரைதான் வருவார். அதற்கு மேல் அவர் வண்டியும் ஏறாது, அவர் அழைத்தால் ஃபோனும் போகாது. அதனால் மேலே இருக்கிறவர்கள், திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போயிருக்கிற அவர்கள் பிள்ளைகள், யார் எதை ஆன்லைனில் வாங்கினாலும் நம் கடை விலாசத்தையும் உன் நம்பரையும் கொடுத்துவிடுவார்கள். வந்த பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால் நீ கட்டுவாய். டயருக்குக் குறி போடும் சாக்பீஸால் பெட்டி மேல் பெயரை எழுதி பெஞ்சுக்கு அடியில் தள்ளுவாய். அவர்கள் இறங்கி வரும் நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. 'நீ வாங்கினியா?' என்று நீ அவர்களைக் கேட்டதில்லை, கேட்டால் அவர்களை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். 'இது எனக்குத்தானா?' என்று அவர்களும் உன்னைக் கேட்டதில்லை, கேட்டால் உன்னை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் ஒரு திருடன் சௌகரியமாக நடந்து போகிற அகலத்துக்கு வழி.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. நீ ஒன்றும் ஏமாளி இல்லை. லாரிக்காரர் 'பின்னாடி டயர்ல ஒரே ஒரு முள்ளுதான்ணே' என்று அடித்துச் சொன்னாலும் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முழுக்க முக்கிச் சுற்றிப் பார்க்காமல் நீ விட்டதில்லை. கண்ணை நம்பாதே, குமிழியை நம்பு என்பது உன் வேதம். நான் பத்தாம் வகுப்பு லீவில் ஒரு ரூபாய்க் காசைப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வைத்துத் தார்ச்சாலையில் ஒட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் வந்து இறங்கியவர்களெல்லாம் செருப்பு கட்டுகிற சாக்கில் குனிந்து நகத்தால் பெயர்த்துப் பார்த்தார்கள். முதலில் குனிந்தவன் நீ. அன்றைக்குச் சிரித்துச் சிரித்து உனக்கு இருமலே வந்துவிட்டது. 'அம்மா, கீழ கெடக்கிற காச பாத்தா எவனுக்கும் முதுகு தானா வளையும்' என்றாய். அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஊரை ஏமாற்றுகிறவனின் தொழில் முழுக்க இருக்கிறது. பாதி விலை, இன்று இரவோடு சலுகை முடிகிறது, உங்களுக்கு மட்டும் என்பதெல்லாம் சாலையில் ஒட்டி வைத்த காசுதான். ஆஃபர் என்றதும் 'ஆ' என்று வாயைத் திறப்பவனுக்கு மிச்சமெல்லாம் 'ஃபர்'ரென்று பறந்துவிடும்.

முதல் பார்சல் மாசி மாதம் வந்தது. குப்பாயி அக்கா பெயருக்கு. கூரியர் சேகரண்ணன் இறக்கினார், நீ பணம் கட்டினாய், குப்பாயி அக்கா சந்தை நாளில் வந்து, 'பையன் திருப்பூர்லேர்ந்து அனுப்பியிருப்பான் போல கீது. ஒரு வார்த்த சொல்ல மாட்டான் பாரேன், கள்ளப்பய!' என்று பெருமையாகத் திட்டிக்கொண்டே வாங்கிப் போனது. மேலே போய்ப் பிரித்தால் நைந்துபோன ஒரு புடவைத் துண்டு. பையன் கடைக்காரனிடம் ஏமாந்துவிட்டான் என்று நினைத்து, அவன் மனசு சங்கடப்படும் என்று அவனிடமும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் நீ கட்டிய பணத்தைக் குறை சொன்னது போலாகும் என்று உன்னிடமும் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று இப்படியே வந்தன. ஒன்றில் ஓடாத கடிகாரம். இன்னொன்றில் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் டார்ச். ஐந்து வீட்டுக்காரர்கள் ஐந்து பேரும் தங்கள் பிள்ளைகளை மனசுக்குள் திட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். நம் மலையைத் தவிர வேறெங்கே இந்தத் திருட்டு ஐந்து தடவை நடந்திருக்கும், சொல்!

ஆறாவது பார்சல் வெள்ளையன் பெரியப்பாவுக்கு வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. அவருக்கு வெளியூரில் பிள்ளையும் இல்லை, கையில் ஃபோனும் இல்லை. நீ எப்போதும்போல, 'பெரியப்பா, உனுக்கு ஒரு பொட்டி வந்துகீது, துட்டு கட்டிட்டேன்' என்றாய். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, உன் கத்தியை வாங்கியே பிரித்தார். உள்ளே முடி வளரும் எண்ணெய், ஒரு சீப்பு. அவர் தலையில் முடி இருந்த காலம் எனக்குத் தெரியாது, உனக்கே தெரியாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இன்னா முருகேசா, கேலியா?"

"இல்ல பெரியப்பா, சத்தியமா எனுக்குத் தெரியாது. பேரு உம் பேருதான், ஊரு நம்ம ஊருதான்..."

"எங்கிட்ட ஃபோனே இல்ல. நான் எப்டிடா ஆர்டர் போடுவேன்? கையாலயா?"

"யாராவது ஒனுக்காக..."

"எனுக்காக யாரு கீறா? சொல்லு." அவர் சீப்பை எடுத்து உன் பெஞ்சின் மேல் வைத்தார். வீசவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். "குப்பாயிக்கு வந்துச்சு. அடுத்து சின்னசாமி வூட்டுக்கு வந்துச்சு. எல்லாம் உங்கடைக்கு, எல்லாம் துட்டு கட்றது. ஒரு பொட்டிக்கு ஒனுக்கு எவ்ளோ குடுக்கறான்?"

டியூபை முக்கி வைத்திருந்த தொட்டியில் உன் கை அப்படியே இருந்தது. நான் கடைக்குள், காம்ப்ரஸர் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. ஏன் என்று பின்னால் வருகிறது.

அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் நல்ல மனசோடு செய்தது. நல்ல மனசோடு செய்ததாலேயே தப்பாகிப் போனது. அன்றைக்குத்தான் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வாயைத் திறந்தார்கள். ஆறு பேர் பணத்தையும் ஆறு காகிதத்தில் மடித்து, பெயர் எழுதி, கண்டக்டரிடம் கொடுத்து மேலே அனுப்பினாய். உனக்கு அது மானம். அவர்களுக்கு அது வாக்குமூலம். 'தப்பு பண்ணாதவன் எதுக்குத் திருப்பிக் குடுக்கறான்?' என்று சின்னசாமி சித்தப்பா பஸ்ஸிலேயே கேட்டாராம். கேட்டவர்களெல்லாம் தலையை ஆட்டினார்களாம். சந்தேகத்துக்கு இதுதான் குணம் மகனே. கொடுக்காவிட்டால் திருடன், கொடுத்தால் மாட்டிக்கொண்ட திருடன். கீழே வண்டியை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிறவர்கள் நம் கடை வேப்ப மரத்தடியில்தான் நிறுத்துவார்கள், சாவியை உன் ஆணியில்தான் மாட்டுவார்கள். அடுத்த வாரமே வண்டிகள் எதிர் டீக்கடைக்கு மாறின. உன் ஆணி வெறுமையாக இருந்தது. நீ அதைப் பார்க்காதது போல அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாய். அது போன வருடக் காலண்டர்.

பிறகு உனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. வந்தால் யார் மேல் வரும்? பெட்டியைக் கொண்டுவந்து இறக்குகிறவர் மேல் வரும். சேகரண்ணன் எட்டு வருடமாக வருகிறார், அவருடைய கல்யாணத்துக்கு நாம் மூவரும் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். அவர் சட்டையைப் பிடித்து, 'நம்ம ஜனங்க பேரெல்லாம் எவங்கிட்டடா வித்த?' என்று கேட்டாய். அவர், 'அண்ணே, லேபிள்ல இன்னா கீதோ அதத்தான் நான் எட்த்துனு வரேன்' என்றார். நீ விடவில்லை. அன்றிலிருந்து அவர் நம் நிறுத்தத்துக்கு வருவதில்லை. மேலே போக வேண்டிய நிஜப் பார்சல்களெல்லாம் போளூரிலேயே கிடந்து திரும்பிப் போயின. அதற்கும் பழி உன் மேல்தான்: 'பாத்தியா, குட்டு ஒடஞ்சதும் கடைய மூடிக்கினான்.'

இப்போது சொல்கிறேன். பெயர்களை விற்றது சேகரண்ணன் இல்லை. சரியாகச் சொன்னால் யாரும் விற்கவில்லை, இலவசமாகவே கொடுத்தேன். நான்தான்.

பொங்கல் லீவில் பள்ளித் தோழி ஒருத்தி ஒரு லிங்க் அனுப்பினாள். தொட்டால் ஒரு சக்கரம் சுற்றும், காசு மழை பெய்யும், பின்னால் ஜிகுஜிகுவென்று பாட்டு. 'உங்கள் ஊரில் ஒன்பது பேர் பெயரும் விலாசமும் கொடுங்கள், ஒன்பது பேருக்கும் பரிசுச் செய்தி வரும்' என்றது. பார்த்த உடனே பொய் என்று தெரிந்தது. என்னை யாரென்று நினைத்தாய், கேடிக்குக் கேடி! பொய் என்று தெரிந்ததால்தான் ஆசை வந்தது. ஒன்பது பேர் பெயரையும் போட்டு உன் நம்பரைக் கொடுத்தால் ஒன்பது செய்தியும் உனக்கு வரும்; 'குப்பாயி! ஒனுக்குக் காரு வுழுந்துகீது!' என்று நீ நிறுத்தத்தில் நின்று கத்துவாய். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவ்வளவுதான் என் திட்டம். பேங்க் நம்பர் கேட்டால் கொடுத்திருக்க மாட்டேன், உஷாராகத்தான் இருந்தேன். பேரும் ஊரும்தானே, போனால் போகட்டும் என்று நினைத்தேன். கதவு எண் கேட்டது. மலையில் எந்த வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது? ஒன்பது வீட்டுக்கும் 420 என்று போட்டேன். சட்டப் புத்தகத்தில் அந்த எண் மாறிவிட்டதாம். ஊர் வாயில் ஏமாற்றுக்காரனுக்கு அதுதான் இன்னும் பெயர். போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிரித்த கையோடு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்தேன். செய்தி ஒன்றும் வரவில்லை. நான் மறந்தே போனேன்.

மூன்றாவது பார்சல் பெஞ்சுக்கு அடியில் கிடந்தபோது காலால் தள்ளினேன். லேபிள் மேலே திரும்பியது. ஆங்கிலத்தில் பெயர், அதன் கீழே 420. நீ அந்த எண்ணைப் பார்த்திருப்பாய், எடையோ விலையோ என்று விட்டிருப்பாய். என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்த எண் அங்கே எப்படி வந்தது என்று தெரியாது. அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று வீட்டோடு நின்றிருக்கும். சொல்லவில்லை. கல்லூரிக்கு அனுப்ப மாட்டாயோ என்று பயம். அடுத்தது வராது என்று ஒரு நப்பாசை. வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஆறாவதை வெள்ளையன் பெரியப்பா உன் எதிரில் பிரித்தபோது நான் காம்ப்ரஸர் பக்கத்தில் நின்றேன் என்றேனே, சும்மா நிற்கவில்லை. அதன் சத்தத்தில் என் காதில் எதுவும் விழாதது போல நடித்துக்கொண்டு நின்றேன். குறும்பு செய்தது ஒரு நிமிடம். வாயை மூடிக்கொண்டிருந்தது நான்கு மாதம். எதற்கு நீ என்னை அதிகம் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் எனக்கே பட்ட அனுபவம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேனே, 'ஃப்ரெண்டுக்குக் கொடுத்துட்டேன்' என்று சொன்னேனே, அது பொய். படத்தில் வெள்ளை வெளேரென்று பாதி விலைக்குக் கிடந்தது. வந்தது இரண்டும் இடது கால். திருப்பி அனுப்பலாம் என்று அந்தப் பக்கத்தைத் தேடினால் பக்கமே இல்லை. இருந்த இடம் தெரியாமல் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். வெட்கமாக இருந்ததால் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு நம் ஆசை பாதிக் கூலி என்றால் நம் வெட்கம் மீதிக் கூலி. குப்பாயி அக்கா வெட்கப்பட்டது, நீ வெட்கப்பட்டாய், நான் வெட்கப்பட்டேன். அவன் மட்டும் வெட்கப்படவில்லை.

அதனால் நான் இல்லாதபோது நீ செய்ய வேண்டியதைக் கேள். பெட்டி வந்தால் முதலில் பெயருக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேள்; மேலே ஃபோன் போகாவிட்டால் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பி, பதில் வந்த பிறகு பணம் கட்டு. கேட்பது அவமரியாதை இல்லை. டியூபைத் தண்ணீரில் முக்குவதால் டியூபுக்கு அவமானமா என்ன? விலை பாதியென்றால் சந்தேகம் இரண்டு பங்கு. விற்கிறவனுக்குக் கடை எங்கே, திருப்பி எடுப்பானா, வேறு யாராவது வாங்கி நல்லபடி சொல்லியிருக்கிறார்களா என்று பாராமல் முன்பணம் அனுப்பாதே. அந்தச் சாமை உமி நீக்கும் மிஷின் விற்கிற வீடியோவை நீ தினமும் பார்ப்பது எனக்குத் தெரியும். அதில் பேசுகிறவன் மிஷின் பக்கத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை, கவனித்தாயா? யாராவது ஓடிபி கேட்டால் அதற்கு 'ஓடிப்போ' என்று பொருள். நீ சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். பணம் வாங்குவதற்கு நீ எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், ரகசிய எண்ணை அழுத்தவும் வேண்டாம். கொடுக்கிறவன்தான் அதெல்லாம் செய்ய வேண்டும்.

ஏமாந்தவனைத்தான் அவர்கள் மறுபடியும் தேடி வருவார்கள். வைகாசியில் உனக்கு ஒரு ஃபோன் வந்ததே. 'சார், உங்களுக்கு வந்த தவறான பார்சலுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு ஆப் ஏற்றுங்கள்' என்றான். நீ எழுந்து நின்று பேசினாய்.

"எனுக்கு ஒண்ணும் வாணாம் சார். ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. எம்மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க, போதும்."

"கண்டிப்பா சார், லெட்டரும் உண்டு சார். ஆப்பை ஏத்துங்க சார்."

"தமிழ்ல எழுதுவீங்களா சார்? எங்க பெரியப்பாக்கு இங்கிலீஷு தெரியாது."

அப்போது டவர் போய்விட்டது. நம் ஊரில் டவர் இல்லாதது முதன்முறையாக நமக்கு உதவி செய்தது. ஆப் வழியாக உன் ஃபோனுக்குள் பார்த்து பேங்கில் இருப்பதை வழித்திருப்பான். நான் ஃபோனைப் பிடுங்கி அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன், உனக்குக் கோபம். நீ பணத்துக்காக அவனிடம் பேசவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு திருடனிடம் போய் நாணயச் சான்றிதழ் கேட்கிற நிலைமைக்கு உன்னை நான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு எழுத ஆரம்பித்ததுதான் இந்தக் கடிதம். இப்படி ஏதாவது நடந்தால் உடனே புகார் சொல்வதற்கு அரசு ஒரு எண் வைத்திருக்கிறது. காம்ப்ரஸருக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன். வெட்கப்படாமல் அழை. சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டாம்.

நேற்று போளூருக்குப் போய் சேகரண்ணனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியில் பார்சல்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "பாப்பா, நான் டெய்லி நூறு பேருகிட்ட திட்டு வாங்கறவன். வாங்கி அங்கியே வுட்டுட்டு வந்துடுவேன். உங்கப்பா திட்னது மட்டும் என்கூடவே வூடு வரிக்கும் வந்துச்சு" என்றார். 'இது ஆர்டர் போட்டதில்ல' என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், பணம் வாங்காமல் அவரே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். "உங்கப்பா அத ஒருநாள் கூட சொன்னதில்ல. பேரப் பாத்ததும் பையில கை போய்டும்" என்றார். உன்னிடமிருந்து ஒரு ஃபோன் வந்தால் மறுபடியும் நம் நிறுத்தத்துக்கு வருவேன் என்றார். மன்னிப்பு என்ற சொல்லை நீ உச்சரிக்க வேண்டாம், உனக்கு அது வாயில் வராது. 'டீ ஆறுது, வா' என்று சொல், அவருக்குப் புரியும்.

மிச்சம் ஆறு வீடு. கடிதத்தை வாசலில் ஒட்டினால் போதாது என்று எனக்கே தெரிகிறது. 'அப்பனக் காப்பாத்த பொண்ணு பழிய ஏத்துக்கிறா' என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்படுவேன். அதனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போளூரில் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது பெயர், ஒன்பது 420, மேலே பொங்கல் லீவுத் தேதி, கீழே நான் போட்ட சிரிப்புப் பொம்மை. பார்சல் லேபிள்கள் யார் வீட்டில் மிச்சமிருக்கின்றனவோ அவற்றோடு ஒத்துப் பார்க்கட்டும். இன்னும் மூன்று பேருக்குப் பார்சல் வரவில்லை. அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போகிறேன். கடையை ஒருநாள் சாத்திவிட்டு நீயும் வா. நீ ஒன்றும் பேச வேண்டாம், எனக்காகக் கெஞ்சவும் வேண்டாம், அங்கே வைத்து என்னை அடிக்கவும் வேண்டாம். வெள்ளையன் பெரியப்பா வீட்டுக்கு முதலில் போவோம். அவர் என்னைத் திட்டுவார், திட்டட்டும். நடுவில் புகுந்து 'கொழந்த, தெரியாம பண்ட்டா' என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரிந்துதான் மறைத்தேன். நாலு பேர் முன்னால் அவர் உன்னைக் கேட்ட கேள்விக்கு நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவள் நான். நீ வராவிட்டாலும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். ஆனால் நீ வந்தால், நான் சொல்லி முடிக்கும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார். உன்னைத்தான் பார்ப்பார். அப்போது நீ தலையைக் குனிந்துகொள்ளாமல் நிற்க வேண்டும், அப்பா. அதற்காகத்தான் கூப்பிடுகிறேன்.